போர் இயந்திரத்துக்கு மனித முகம் எதற்கு?

கல்வெட்டு:
மனித உருவிலான போர் இயந்திரங்களைக் காட்டும் அறிவியல் புனைவுப் படங்கள், நாம் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதையே மாற்றிவிட்டன என்பது என் வாதம். 1984இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர்’ படத்திலிருந்தே, இரண்டு கை, இரண்டு கால், இறுகிய முகம் என்ற ஒரே அச்சில்தான் ஆபத்து வார்க்கப்படுகிறது. ஆனால் தானே இலக்கைத் தேடும் உண்மையான ஆயுதங்களுக்கு முகமே கிடையாது. இஸ்ரேல் உருவாக்கிய ஹார்ப்பி, ராடார் அலை எங்கிருந்து வருகிறதோ அங்கே சென்று மோதி வெடிக்கும் ஓர் ஆளில்லா விமானம், அவ்வளவே. பொறியியல் நோக்கிலும் மனித வடிவம் வீண்சுமைதான். 2015இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றில், கதவைத் திறக்கப் போன இயந்திரங்கள்கூட நிலைதடுமாறி விழுந்தன. வென்ற தென்கொரிய ஹூபோ, மண்டியிட்டுச் சக்கரங்களில் உருளக்கூடியது.

யாழினி:
ஹூபோ உங்கள் வாதத்துக்குப் பாதிதான் உதவும். வண்டி ஓட்டுவது, வால்வைத் திருகுவது, படியேறுவது என்று அந்தப் போட்டியில் கொடுக்கப்பட்ட பணிகள் எல்லாம் மனித உடலுக்காகக் கட்டப்பட்ட இடங்களில் செய்ய வேண்டியவை. அதனால்தான் உருளத் தெரிந்த அந்த இயந்திரத்துக்கும் கைகளும் கால்களும் தேவைப்பட்டன. ‘டெர்மினேட்டர்’ படமும் காரணமின்றி உருவத்தைத் திணிக்கவில்லை. முந்தைய வகைக்கு ரப்பர் தோல் இருந்ததால் எளிதில் அடையாளம் காண முடிந்தது என்றும், புதிய வகைக்கு உயிருள்ள சதையே போர்த்தப்பட்டிருக்கிறது என்றும் அதில் வரும் வீரன் விளக்குகிறான். மனிதர்கள் பதுங்கியிருக்கும் இடத்தில் நாய்களைக் காவல் வைப்பதும் இந்த வேடத்தைக் கண்டுபிடிக்கத்தான். அங்கே முகம் என்பது ஊடுருவுவதற்கான மாறுவேடம்.

கல்வெட்டு:
மாறுவேடம் என்ற காரணத்தை ஏற்கிறேன். இருந்தாலும் இயந்திரம் விழித்தெழுந்து நம்மை வெறுக்கும் என்ற கதையைத்தானே இவை மீண்டும் மீண்டும் சொல்கின்றன? சொன்னதை அப்படியே செய்து முடிக்கும் இயந்திரத்தைக் கண்டல்லவா நாம் அஞ்ச வேண்டும்!

யாழினி:
2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தை மறந்துவிட்டீர்கள். ராணுவத்துக்காகவே உருவாக்கப்பட்ட சிட்டி என்ற இயந்திரம், பரிசோதனையின்போது பேராசிரியர் போரா கட்டளையிட்டதும் தன்னைப் படைத்த வசீகரனையே குத்த முற்படுகிறது. அதில் கோபமும் இல்லை, துரோகமும் இல்லை. மறுக்கத் தெரியாத கீழ்ப்படிதல் மட்டுமே இருக்கிறது. நீங்கள் கேட்கும் அச்சத்தை அந்த ஒரு காட்சி முழுமையாகவே சொல்லிவிடுகிறது. பிறகு உணர்ச்சிகளைப் பெற்ற அதே சிட்டி, ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் போரை விட்டுவிட்டுக் காதலைப் பேசுவதால் பயனற்றதாகிறது. மறுக்கத் தெரியாவிட்டால் ஆபத்து, மறுக்கத் தெரிந்தால் படைக்கு உதவாது என்ற இந்த முரண், முகமில்லாத ஒரு விமானத்தைக் கொண்டு சொல்லக்கூடியதா?

தொலைநோக்கி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்லும் முரணை அந்தப் படமே கடைசியில் கைவிட்டு, அழிவுக்குத் தூண்டும் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டு வில்லனாகிவிட்ட சிட்டியிடம் தஞ்சம் புகுந்துவிடுகிறது. பார்த்தவர்கள் நினைவில் நின்றதும் அந்த வில்லன்தான். 1991இல் வந்த இரண்டாவது ‘டெர்மினேட்டர்’ படத்திலோ, கொல்லாதே என்று சிறுவன் சொன்னதும் இயந்திரம் முழங்காலில் சுடுகிறது, அரங்கம் சிரிக்கிறது. கட்டளையிடுபவன் நல்ல பிள்ளை என்பதால் கீழ்ப்படிதலே நமக்கு இனித்துப்போகிறது.

கல்வெட்டு:
அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 1987இல் வந்த ‘ரோபோகாப்’ படத்தில் ஈடி-209 என்ற, மனித முகமே இல்லாத இயந்திரம், துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்ட அலுவலரைச் செயல்விளக்கக் கூட்டத்திலேயே சுட்டுக் கொல்கிறது. பொறுப்பான மேலதிகாரி அதைச் சிறு கோளாறு என்கிறார். அந்தக் காட்சியில் நம் கண் இயந்திரத்தின் மீது நிற்பதில்லை, மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மனிதர்களைத் தேடிப் போகிறது. முகம் இருந்திருந்தால் பழி முழுவதையும் அந்த முகத்தின் மீதே சுமத்தியிருப்போம்.

யாழினி:
கூர்மையான கவனிப்பு, அந்தக் காட்சியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. ஆனால் அதே படத்தில், தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் உயரதிகாரியைக் கைது செய்யவிடாத ரகசியக் கட்டளை ஒன்று, பாதி இயந்திரமாக்கப்பட்ட காவலரான நாயகன் மர்ஃபிக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. குற்றவாளி எதிரே நிற்கும்போதும் உடல் மறுத்துத் துடிக்கும் அந்த நேரத்தில், கட்டளை என்பது விலங்கு என்று நமக்குப் புரிவது அவன் முகத்தைப் பார்ப்பதால்தான். அந்த விலங்கும் அவனாக உடைத்தது அல்ல; நிறுவனத் தலைவர் அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்கிய பிறகுதான் அவனால் சுட முடிகிறது.