ஒற்றைக் கோரில் ஓடிய சவுண்ட் டிரைவர், டூயல் கோரில் உறைந்த கதை

சேலம் அம்மாப்பேட்டையில் தெரிந்த மைக்செட்காரர் ஒருவர் கோயில் பாட்டுகளை லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் போடுவார். பழைய பெட்டி செத்துப்போனதும் செகண்ட் ஹேண்டில் இரண்டு சிபியு கோர் உள்ள ஒரு டூயல் கோர் பெட்டி வாங்கி, இருந்த பிசிஐ சவுண்ட் கார்டையே அதில் மாட்டினார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம். பிளேயை அழுத்தினால் "ஆத்தா" என்று தொடங்கி "த்தத்தத்தத்த" என்று அங்கேயே நின்று அதிரும். மவுஸும் அசையாது.

"எர்த் சரியில்லை போல. வயரை மாத்திப் பார்க்கட்டுமா தம்பி?"

"வயர் போனா மவுஸ் எதுக்குங்கண்ணா நிக்கணும்?"

அந்த "த்தத்தத்த"தான் துப்பு. சிபியு உறைந்தாலும் கார்டின் டிஎம்ஏ (சிபியு இல்லாமலே மெமரியைப் படிக்கும் வசதி) தன்பாட்டுக்கு, பாட்டுத் துண்டு இருக்கும் பஃபரைச் சுற்றிச் சுற்றிப் படிக்கும். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், அதாவது ஃபிரேம்) 4096 ஃபிரேம் என்றால் சுமார் 85 மில்லி செகண்ட்; அந்தத் துண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆக, கார்டில் பழுதில்லை. கார்டு சிபியுவைக் கூப்பிடும் சைகையான இன்டரப்ட் வந்த இடத்தில், லினக்ஸின் மையமான கர்னல்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கார்டை இயக்கும் புரோகிராமான டிரைவர் கர்னலோடு வந்ததல்ல, யாரோ எழுதியது. லாக் தப்புகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் போட்டுக் கர்னலைக் கட்டி, சீரியல் கேபிளில் பார்த்தால் "பாசிபிள் ரிகர்சிவ் லாக்கிங்" (பிடித்த லாக்கையே மறுபடி பிடிக்கப் பார்க்கிறது) என்று கத்துகிறது. இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவர் பகுதியான ஹேண்ட்லர், ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்க வைக்கும் லாக்) பிடித்தபடியே, லினக்ஸின் ஒலிப் பகுதியான அல்சாவின், ஒரு துண்டு முடிந்தது என்று சொல்லும் 'பீரியட் எலாப்ஸ்டு' ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அது, கார்டு எங்கே படித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் டிரைவரின் பாயிண்டர் கால்பேக்கைக் கூப்பிட, அங்கேயும் அதே லாக்! தன் கையில் இருக்கும் சாவிக்குத் தானே வாசலில் காத்து நிற்கிற மாதிரி.

இத்தனை வருஷம் எப்படி ஓடியது? பழைய பெட்டியில் ஒற்றை சிபியுவுக்கென்று கட்டிய கர்னல். அதில் ஸ்பின்லாக் என்பது, அதிகம் போனால் இன்டரப்டையோ வேலை மாற்றத்தையோ அணைப்பதோடு சரி, சுற்றிக் காத்திருக்கும் வேலையே கிடையாது. தப்பு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருத்தம் சின்னது. லாக்கோடு, கார்டின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, இன்டரப்ட் வந்ததைக் காட்டும் பிட்டை மட்டும் அழித்து, லாக்கை விட்டுவிட்டு, அப்புறம் பீரியட் எலாப்ஸ்டு. பாட்டு ஓடியது. அண்ணன் என்னவோ புது வயரையும் போட்டுக்கொண்டார்.

கையோடு இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பெட்டியில் நெட்வொர்க் கார்டும் இதே இன்டரப்ட் லைன். ஹேண்ட்லரோ யாருக்கு வந்தாலும் "நான் கவனித்துவிட்டேன்" என்றே பதில் சொல்கிறது. இப்படிச் சொன்னால் லைனில் வேறொரு கார்டு கோளாறாகி இன்டரப்டைக் கொட்டினாலும் கர்னலுக்குச் சந்தேகமே வராது. நம் பிட் இல்லையென்றால் ஐஆர்க்யூ_நன் ("என்னுடையதல்ல" என்ற பதில்) திருப்பும்படி மாற்றிவிட்டேன். பிசிஐ கார்டு டிரைவர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.