வேலூர் வெயிலில் சிரா: ஐந்து வருஷ பாட்டில்களை ஒன்றாக ருசித்து ஒப்பிடுவது எப்படி?

பாலாற்றங்கரை (காட்பாடி)
ஒரே தயாரிப்பாளரின் சான்-ஜோசஃப் சிரா (பிரான்சின் வட ரோன் பகுதிச் சிவப்பு ஒயின், சிரா என்பது திராட்சை வகை) ஐந்து பாட்டில் கையில் இருக்கிறது. அறுவடை வருஷம்: 2014, 2017, 2018, 2020, 2021. மே மாதம் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். நான்கு பாட்டில்கள் ஒயின் ஃப்ரிட்ஜில் 13 டிகிரியில் இருந்தவை. 2018 மட்டும் வேறொருவரிடமிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாது.

எந்த வரிசையில் ஊற்றுவது? எவ்வளவு முன்னால் திறப்பது? வருஷத்தின் குணத்தையும் பாட்டிலின் கோளாறையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை அகழி (வேலூர்)
முதலில் சூட்டைக் கவனியுங்கள் சார், மற்றதெல்லாம் அப்புறம். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்கிற வழக்கம் 17, 18 டிகிரி இருக்கிற ஐரோப்பிய வீட்டுக்கானது. சத்துவாச்சாரியில் மே மாத மத்தியானம் அறைக்குள்ளேயே 34 காட்டும். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஐந்தும் ஜாம் மாதிரி ஒரே வாசனை அடிக்கும், 2018-க்கும் 2021-க்கும் வித்தியாசமே பிடிபடாது. சாதா ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 5 டிகிரியில் ஊற்றினாலோ, மணம் அடங்கிப்போய் துவர்ப்பு மட்டும் தூக்கி நிற்கும்.

ஏசியை 22-ல் வையுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பாட்டிலை 14 டிகிரியில் ஊற்றினால் கிளாஸில் சீக்கிரமே 16, 17-க்கு வந்துவிடும். சிராவுக்கு அதுதான் சரியான இடம். வெளியே சூடேறிய பாட்டிலை இறக்க, பாதி ஐஸ் பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் கழுத்துவரை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நடுவில் காற்று நின்று மெதுவாகத்தான் குளிரும். கரண்ட் போனால் ஏசி நம் கையில் இல்லை, அதனால் ஐஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அளவு: தலைக்கு 50 மில்லி. எட்டுப் பேருக்கு 400 போனாலும் 750-ல் 350 மிச்சம் இருக்கும். மறுநாள் திரும்பப் பார்க்க அது வேண்டும்.

வரிசை: வயதைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள். 2021, 2014, 2020, 2017, 2018. வட ரோனில் 2021 ஏப்ரல் உறைபனி அடித்து, கோடையும் குளிர்ந்து நனைந்த வருஷம். ஒயின் மெலிசாக, புளிப்பு தூக்கலாக, மிளகு வாசனையோடு இருக்கும். 2014-இலும் கோடை ஈரம்தான், செப்டம்பர் வெயில் வந்து காப்பாற்றியது. 2017 வறண்ட, சூடான வருஷம், துவர்ப்பு அழுத்தமாக இருக்கும். 2018-உம் சூடுதான், பழம் நன்றாகப் பழுத்து கனமாக இருக்கும். 2020-இல் அறுவடை சீக்கிரமே முடிந்தது, ஆனாலும் புளிப்பு கெடவில்லை. வட ரோனைக் குளிர் பிரதேசம் என்று சொல்வதே இப்போது பாதிதான் உண்மை. 2018-ஐ வாயில் வைத்தால் உங்களுக்கே புரியும்.

திறப்பது: இளசுகளை ஒரு மணி நேரம் முன்னால் திறந்து வேறு குடுவைக்கு மாற்றலாம். 2014-ஐ அப்படிச் செய்யாதீர்கள். முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறக்கிவிட்டு, ஊற்றுகிற நேரத்தில் திறங்கள். அடியில் கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள்.

பொன்னை ஓரம் (காட்பாடி)
மிளகு வாசனை பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தருவது ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள். 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு சொன்னார்கள். நம் கருமிளகில் இருப்பதும் இதேதான். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, தண்ணீரில் 4000 நானோகிராம் கலந்தும் தெரியவில்லை. உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் இரண்டு பேர் அப்படி இருக்கலாம். "2021-ல் ஒன்றுமே இல்லையே" என்று அவர் சொன்னால் அது அவர் மூக்கைப் பற்றிய செய்தி, ஒயினைப் பற்றியது அல்ல. மிளகை நசுக்கி முகர்ந்து சோதிக்க முடியாது, மிளகில் வேறு பல வாசனைப் பொருள்கள் சேர்ந்து வருகின்றன.

இந்தப் பொருள் பழத்தோலில்தான் இருக்கிறது. குளிர்ந்த வருஷத்திலும், இலை நிழலில் தொங்கும் குலையிலும் அதிகம் தங்கும். வருஷங்களை ஒப்பிடும்போது இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

வரிசையில் மட்டும் அகழி சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வருஷம் தெரிந்து குடித்தால் எல்லோரும் 2021-ல் மிளகைக் "கண்டுபிடிப்பார்கள்". பாட்டிலுக்குக் காகிதம் சுற்றி எண் போடுங்கள். ஐந்து பாட்டிலுக்கு ஆறு கிளாஸ் வையுங்கள், ஒன்றை மட்டும் இரண்டு முறை ஊற்றுங்கள். 50 மில்லி வீதம் ஊற்றினால் அந்தப் பாட்டில் எட்டுப் பேருக்குப் போதாது, அதனால் எல்லாக் கிளாஸிலும் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த இரண்டுக்கும் ஒருவர் வெவ்வேறு குறிப்பு எழுதியிருந்தால், அவருடைய மற்றக் குறிப்புகளையும் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கவேண்டும்.

ஆவாரம்பட்டை (ராணிப்பேட்டை)
தோல் தொழில் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் இவற்றின் டானின் (துவர்ப்புப் பொருள்) பச்சைத்தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் தோல் பதமாகிறது. ஒயின் டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கிளாஸுக்குக் கிளாஸ் இந்தத் துவர்ப்பு சேர்ந்துகொண்டே போகும். நடுவில் மூன்று நான்கு நிமிடம் விடாவிட்டால் கடைசி கிளாஸ் எதுவானாலும் முரடாகத்தான் தெரியும். காகிதம் சுற்றுவதானால் ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றிக் கொடுங்கள்.

பழைய சிராவில் "தோல் வாசனை" என்று எழுதுவார்கள். எந்தத் தோல்? பட்டையில் பதனிட்டு உலர்ந்த தோலின் வாசனையானால் 2014-க்கு அது வயதின் அழகு. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வீசுகிற மாதிரியோ, குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரியோ அடித்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட்டின் வேலை. எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் போகாது.

தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து நேராக யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஊதுபத்தி, மல்லிகைப்பூ, டிகிரி காபி மூன்றும் அந்த அறைக்கு ஆகாது.

பாலாற்றங்கரை
மிக்க நன்றி. 2018 பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கார்க் லேசாக மேலே எழும்பி இருக்கிறது, மூடித்தாளுக்குக் கீழே பிசுபிசுப்பு. இது வெயிலில் வெந்ததா? வெந்த ஒயினும் சூடான வருஷ ஒயினும் ஒரே மாதிரி இருக்காதா?

கோட்டை அகழி
நீங்கள் சொல்கிற இரண்டு அறிகுறியும் சூடு பட்ட பாட்டிலுக்கு உரியவை. உள்ளே திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளி, ஓரமாகக் கசிந்திருக்கிறது. இரண்டிலும் ஜாம் வாசனை வரும், ஆள் ஏமாறுவதும் அங்கேதான். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத்தாளின் மேல் பிடித்து விளிம்பைப் பாருங்கள். சூடான வருஷத்து இளம் சிரா விளிம்புவரை ஊதாவும் கருஞ்சிவப்புமாக இருக்கும். வெந்தது வயதுக்கு மீறிப் பழுப்பேறி இருக்கும். வாயில், சூடான வருஷ ஒயினுக்குக் கனமும் நடுவில் புதுப்பழமும் உண்டு. வெந்ததில் வேகவைத்த உலர்பழம் முதலில் வந்துவிட்டு நடு வெறுமையாகப் போகும். சந்தேகமானால் 2018-ஐ ஒப்பீட்டில் சேர்க்காமல் கடைசியில் தனியாகத் திறங்கள். 2017-ஐ வைத்தே சூடான வருஷத்தைக் காட்டிவிடலாம்.

இன்னொன்று. சிராவில் கந்தக வாசனை வருவது சகஜம்: தீக்குச்சி, எரிந்த ரப்பர், சில சமயம் அழுகின முட்டை. உடனே கோளாறு என்று ஒதுக்காதீர்கள். பத்து நிமிடம் சுழற்றுங்கள். போகாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செப்புத் துண்டு ஒன்றைத் தனிக் கிளாஸில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து முகருங்கள். முட்டை நாற்றம் செம்பில் அடங்கும். அந்தக் கிளாஸைக் குடிக்கவேண்டாம், சோதனைக்கு மட்டும்தான். நனைந்த சாக்கு, ஈர அட்டை வாசனை என்றால் கார்க் கெட்டது. காற்றுப் படப்பட அது கூடத்தான் செய்யும்.

பொன்னை ஓரம்
கிளாஸ் கழுவுவதையும் கவனியுங்கள். போர்த் தண்ணீரில் கழுவி உலர்த்தினால் வெள்ளை உப்புப் படலம் நிற்கும், சோப்பு வாசனையும் ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசல் கேன் தண்ணீரில் இருக்கட்டும், சோப்பு வேண்டாம். ஊற்றுவதற்கு முன் காலிக் கிளாஸை ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள்.

வாய் சுத்தம் செய்ய பேக்கரி பிரெட் சரிவராது, அதில் இனிப்பு இருக்கிறது. உப்பில்லாத பொரி போதும். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்க் குழம்பும் எல்லாக் கிளாஸும் முடிந்த பிறகுதான். மிளகாய்க் காரம் சாராயத்தின் எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஏலகிரிக் காற்று (ஜோலார்பேட்டை)
யாராவது நியூசிலாந்து ஹாக்ஸ் பே சிராவைக் கொண்டுவந்து "இதுவும் 2021தான்" என்று பக்கத்தில் வைத்தால் குழம்பிவிடாதீர்கள். அங்கே அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. பிரான்சில் துளிர்களைப் பனி கருக்கிய அதே ஏப்ரலில் அங்கே பழம் பறித்து முடிகிற நேரம். லேபிளில் இருக்கும் எண் ஒன்றானாலும் பருவம் வேறு.

2014-இன் கார்க்கைச் சாதாரணத் திருகாணியால் இழுத்தால் நடுவில் ஒடியலாம். இரண்டு தகடு இறக்கிப் பிடிக்கும் திறப்பான் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். தூள் விழுந்துவிட்டால் பதற வேண்டாம், சுத்தமான டீ வடிகட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே டீ வடித்த வடிகட்டி மட்டும் வேண்டாம்.