நெக்ரெபோண்டிஸ் பயிற்சியாளராக வென்ற பட்டங்கள் எத்தனை?

ஆஃப்சைடு:
கிரேக்கக் கால்பந்துக்காரர் கோஸ்டாஸ் நெக்ரெபோண்டிஸ் பற்றித் தமிழில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு தயாராகிறது. 1897-ல் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பிறப்பு, அங்கே பேரா கிளப், பிறகு ஏதென்ஸில் ஏ.இ.கே. வீரர், அதே அணிக்குப் பயிற்சியாளர். இதுவரை சிக்கலில்லை. பட்டங்களில்தான் இடிக்கிறது: ஒரு பட்டியலில் மூன்று, இன்னொன்றில் அதைவிடக் கூடுதல். எதை எடுப்பது?

கார்னர்கொடி:
மூன்றுதான். 1939, 1940 லீக், அதோடு 1939 கோப்பை.

அப்போதைய லீக் இன்றைய மாதிரி ஒரே புள்ளிப்பட்டியல் அல்ல. ஏதென்ஸ், பிரேயஸ் அணிகள் தெற்கில்; தெசலோனிகி அணிகள் வடக்கில். இரு பக்கத்து முதலிடங்களும் கடைசியில் இரண்டு ஆட்டம் மோதும். 1939-ல் ஏ.இ.கே. இராக்லிஸை 3-1, 4-2 என்று வென்றது. மறு ஆண்டு பி.ஏ.ஓ.கே.வை 1-0, 4-0. 1939 கோப்பை இறுதியிலும் எதிரணி பி.ஏ.ஓ.கே.தான், 2-1. லீக்கும் கோப்பையும் ஒரே சீசனில் கைக்கு வந்தது கிரேக்கத்தில் அதுவே முதல்முறை. குறிப்பின் முதல் வரியிலேயே இதைப் போடுங்கள். முன்களத்தில் மாரோபுலோஸ், ட்ஸனேடிஸ் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கை ஏறுவது ஏதென்ஸ் கால்பந்துச் சங்கத்தின் உள்ளூர் சாம்பியன்ஷிப்பைத் தேசிய லீக்கோடு சேர்த்துக் கூட்டுவதால். 1940 அக்டோபர் 28-ல் இத்தாலி படையெடுத்ததும் ஆட்டம் நின்றது. அடுத்த தேசிய சாம்பியன் 1946-ல்தான், ஆரிஸ். இடைப்பட்ட ஆண்டு எதையாவது தேசியப் பட்டமாகக் கண்டால் அடித்துவிடலாம்.

பழையகோல்கீப்பர்:
இன்னும் இரண்டு பொறி உண்டு. ஆரிஸை 5-3 என வீழ்த்திய 1932 கோப்பை அவர் பயிற்சியாளராகும் முன்னே வந்தது. 1949 கோப்பை ஜாக் பீபி பயிற்சியாளராக இருந்த காலத்தது. இரண்டும் இந்தக் கணக்கில் சேராது.

ஏ.இ.கே.வில் 1922-லேயே சேர்ந்தார் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். 1922-ல் துருக்கியுடனான போரில் கிரேக்கம் தோற்றபின் வந்த அகதிகள் 1924-ல்தான் அந்த கிளப்பைத் தொடங்கினார்கள், ஏதென்ஸ் வெரன்செரு தெருவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில். பெயரின் கடைசி எழுத்தே கான்ஸ்டான்டினோபிள்தான்.

ஆஃப்சைடு:
நன்றி. பிறந்த தேதியும் இரண்டு விதமாக இருக்கிறதே?

பழையகோல்கீப்பர்:
வித்தியாசம் சரியாக 12 நாள் என்றால் அது காலண்டர் பிரச்சினை. கிரேக்கம் 1923 பிப்ரவரி 16-ஐ மார்ச் 1 ஆக்கி, பழைய ஜூலியன் காலண்டரிலிருந்து இன்றைய கிரெகோரியன் காலண்டருக்கு மாறியது. அங்கே 13 நாள் தாண்டினாலும் 1897 தேதிக்குக் கூட்ட வேண்டியது 12. 1900-க்குப் பிறகுதான் 13.