வர்க்கமூலம் உள்ள சார்பைத் தொகையிட எந்த முறையைத் தேர்வது?

வினா:
√(9 − எக்ஸ்²), எக்ஸ்√(9 − எக்ஸ்²) ஆகிய இரண்டையும் தொகையிட வேண்டியுள்ளது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இவற்றில், முதலாவதற்குத் திரிகோணமிதிப் பிரதியீடும் இரண்டாவதற்குச் சாதாரணப் பிரதியீடும் ஏன் பொருந்துகின்றன என்பதையும், அதனை முன்கூட்டியே எவ்வாறு அறிவது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வர்க்கமூலத்தின் உள்ளே இருப்பதை முதலில் வகையிட்டுப் பாருங்கள், −2எக்ஸ் கிடைக்கும். இரண்டாவது கணக்கில் எக்ஸ் ஏற்கெனவே வெளியே பெருக்கலாக நிற்பதால், யு = 9 − எக்ஸ்² என்று பிரதியிட்டவுடன் −(1/3)(9 − எக்ஸ்²)^(3/2) + சி என்ற விடை இரண்டே வரியில் வந்துவிடும். முதல் கணக்கில் அந்த எக்ஸ் இல்லை. அதே பிரதியீட்டைச் செய்தால் பின்னத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) இன்னொரு வர்க்கமூலம் வந்து அமர்ந்துகொள்ளும். ஆகவே எக்ஸ் = 3 சைன் தீட்டா என்று எடுத்து, 9 காஸ்² தீட்டாவை இரட்டைக் கோண வாய்பாட்டின் உதவியால் தொகையிட்டு, மீண்டும் எக்ஸுக்குத் திரும்பினால் (எக்ஸ்/2)√(9 − எக்ஸ்²) + (9/2) சைன்⁻¹(எக்ஸ்/3) + சி கிடைக்கும்.

மறுமொழி 2:
முதல் கணக்கில் 0 முதல் 3 வரை என எல்லை கொடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவு உழைப்பும் வேண்டாம். அது 3 அலகு ஆரமுள்ள வட்டத்தின் கால் பங்குப் பரப்பு, விடை 9π/4. படம் வரைந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3:
வெளியே எக்ஸ்³ இருந்தாலும் எளிய பிரதியீடே போதும்: ஓர் எக்ஸை வகையீட்டுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சிய எக்ஸ்²-ஐ 9 − யு என்று எழுதலாம். எக்ஸ்² மட்டும் இருந்தால் சைன் பிரதியீட்டையே நாடுங்கள்.