போர் விமானி ஆக வேண்டும்: கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது?

பல்லடம் மாணவி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் கணிதம், உயிரியல் பிரிவு எடுத்து இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். கட்-ஆஃப் 178. எனக்குப் பதினேழு வயது ஏழு மாதம் ஆகிறது. எங்கள் தறிக்குடோனுக்கு மேலே தேஜஸ் போகும்போது, எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தையும் மீறி அந்த ஒலி கேட்கும். ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த விமானத்தை நான் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு வந்ததில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கருத்து. ஏரோநாட்டிக்கல் படித்தால்தான் விமானப்படையில் எடுப்பார்கள் என்று மாமா சொல்கிறார். அந்தப் பாடம் கிடைக்கக்கூடிய தனியார் கல்லூரியின் கட்டணம் எங்களால் தாங்கக்கூடியதாக இல்லை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும் என்பது அப்பாவின் எண்ணம். நாங்கள் போய்க் கேட்ட ஒரு பயிற்சி மையத்திலோ, பொறியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு விமானி வேலை கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். எது உண்மை என்று தெரிந்தவர்கள் விளக்கினால் கலந்தாய்வுக்கு முன் முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

சூலூரிலிருந்து, விமானப்படைத் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

அம்மிணி, பயிற்சி மையத்தில் சொன்னது தவறு. பட்டதாரிகளை விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு எடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வில், பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியே 50 விழுக்காடும், பட்டத்தில் 60 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தமிழ் இலக்கியம் படித்தவரும் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களையும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நீங்கள் அந்தத் தகுதியைப் பள்ளியிலேயே பெற்றுவிட்டீர்கள்.

விமானத்தை வடிவமைக்கும் படிப்பும் அதை ஓட்டும் பயிற்சியும் வேறு வேறு. நான் பல ஆண்டுகள் விமானத்தின் மூடியைக் கழற்றி உள்ளே கை விட்டு வேலை பார்த்தவன். என்னை ஓட்டச் சொன்னால் தெரியாது. பறப்பதற்கு வேண்டிய காற்றியக்கவியல், வானிலை, வழிகாணல் எல்லாவற்றையும் ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் அவர்களே தொடக்கத்திலிருந்து கற்றுத் தருகிறார்கள். ஏரோநாட்டிக்கல் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் அங்கே ஒரே பிலாட்டஸ் விமானத்தில்தான் முதல் பாடம் தொடங்குகிறார்கள்.

பாடத்தைவிட வயதைக் கவனியுங்கள். பயிற்சி தொடங்கும் நாளில் 24 வயது தாண்டியிருக்கக் கூடாது (இந்தியாவில் செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் இருந்தால் 26). பயிற்சி ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: நான்காண்டுப் பொறியியல் என்றால் உங்களுக்கு ஐந்து வாய்ப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்றால் ஏழு.

அதற்கும் முன்னால் ஒரு வழி இருப்பதை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யூபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பே போதும். 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் பயின்ற முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் வெளியே வந்தார்கள். பத்தொன்பதரை வயது வரம்பின்படி வரும் செப்டம்பரிலும் அடுத்த ஏப்ரலிலுமாக உங்களுக்கு இரண்டு முறை எழுத முடியும். பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ஆகவே கல்லூரியில் சேர்ந்துகொண்டே இதையும் எழுதுங்கள், இதை நம்பிக் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் உடல் தகுதியைப் பாருங்கள். உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பறக்கும் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவுதான். கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து, முழங்கால் மடங்காமல் காலை நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை டேப்பால் அளந்தால் ஏறக்குறைய தெரிந்துவிடும். கிட்டப்பார்வை இருந்தால் பறக்கும் பிரிவில் ஏற்பதில்லை, நிறக்குருடும் கூடாது. மூன்று நான்கு ஆண்டு ஆசையோடு படித்துவிட்டு, பெங்களூரு மருத்துவச் சோதனையில்தான் முதன்முதலாகத் தன் கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

கோவை கணபதியிலிருந்து ஒருவர்:

தங்கச்சி, ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் என் அனுபவத்திலிருந்து சேர்க்கிறேன். நான் இயந்திரவியல் படித்து, ஏஎஃப்கேட் எழுத்துத் தேர்வில் தேறி, விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மைசூரு தேர்வு வாரியத்துக்குப் போனவன். உளவியல் சோதனை, குழுப் பணிகள், நேர்காணல் அனைத்தும் எனக்கு நன்றாகவே அமைந்தன. பிறகு கணினிவழி விமானித் தகுதிச் சோதனை வந்தது. கையில் ஒரு குச்சி, காலில் இரண்டு மிதி. திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் புள்ளியைச் சதுரத்தை விட்டு வெளியேறாமல் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு நடுவே விளக்கு எரிந்தாலும் ஒலி கேட்டாலும் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு வலக்காலும் இடக்காலும் மாறி மாறிக் குழம்பின. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அந்தச் சோதனையை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். தவறினால் என்டிஏ, ஏஎஃப்கேட், என்சிசி (தேசிய மாணவர் படை) என்று எந்த வழியாகவும் விமானப்படை விமானியாக மறுபடி முயல முடியாது. ஐந்து வாய்ப்பு, ஏழு வாய்ப்பு என்பதெல்லாம் அந்த அறைக்குள் நுழையும்வரைதான்.

ஆகவே, அந்தக் கதவு மூடிக்கொண்டால் அடுத்த நாற்பது ஆண்டும் நீங்கள் விரும்பிச் செய்யக்கூடிய வேலை எதுவோ, அதற்கான பாடத்தை எடுங்கள். நான் இன்று ஒரு பம்ப் தயாரிக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இந்த ஊரில் இயந்திரவியலுக்கு வேலை இருந்ததால் வீட்டைத் தாங்க முடிந்தது. பறக்கும் பிரிவில் தவறினாலும் தரைப்பணிப் பிரிவுகளுக்கு 26 வயதுவரை முயலலாம். அதில் தொழில்நுட்பப் பிரிவுக்குத்தான் பொறியியல் கேட்பார்கள், நிர்வாகத்துக்கும் தளவாடத்துக்கும் வேறு பட்டம் போதும்.

மற்றொன்று, அரியர் வைக்காதீர்கள். இறுதியாண்டில் விண்ணப்பிப்பவருக்குத் தேர்வு வாரியத்துக்குப் போகும்போது நிலுவைத் தாள் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் நான் வைத்த ஒரு தாளை முடிக்கத் தாமதமானதால் ஓராண்டு வீணானது.

ஈரோட்டிலிருந்து, கல்லூரி இயற்பியல் ஆசிரியை:

கடற்படை விமானியாகவும் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், அதன் குறுகிய காலப் பணிக்குப் பொறியியல் பட்டம் கட்டாயம் என்பதால், அப்போது அப்பாவின் யோசனை பொருந்தாது. விமானப்படை மட்டும்தான் குறிக்கோள் என்றால் பி.எஸ்சி. இயற்பியலே போதும். ஆனால் 60 விழுக்காடு என்பதை எளிதாக எண்ண வேண்டாம். தமிழ்வழியிலிருந்து வரும் நல்ல மாணவிகள்கூட முதல் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதத் திணறி மதிப்பெண் இழப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே என்சிசி விமானப் பிரிவு இருக்கிறதா, பெண்களைச் சேர்க்கிறார்களா என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதில் 'சி' சான்றிதழ் பெற்றால் எழுத்துத் தேர்வு இல்லாமலே தேர்வு வாரியத்துக்குச் செல்லும் சிறப்பு வழி உண்டு. அதற்காக ஏரோநாட்டிக்கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. விமானம் எப்படிப் பறக்கிறது என்று ஆழமாகப் படிக்கப் பிடித்தால் அது அருமையான துறை. விமானி ஆவதற்கான நுழைவுச்சீட்டு என்று எண்ணிக் கடன் வாங்கிச் சேர்வதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

பல்லடம் மாணவி:

ஐயா, அண்ணா, அம்மா, மூவருக்கும் நன்றி. நேற்று இரவு தறி நிறுத்தியதும், அப்பா துணி அளக்கும் டேப்பால் அளந்தார். கால் நீளம் 101 சென்டிமீட்டர், உயரம் 165. கோவையில் சனிக்கிழமை கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். கண்ணில் குறை இல்லை என்று தெரிந்தால் அன்றே என்டிஏ விண்ணப்பத்தை அனுப்பிவிடுவேன்.

படிப்பைப் பொறுத்தவரை, எனக்கு இயந்திரங்கள் பிடிக்கும். தறியில் பழுது வந்தால் அப்பாவுடன் நானும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கோவையிலேயே இயந்திரவியல் கிடைக்கலாம் என்றும், அதில் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் தலைமையாசிரியர் சொன்னார். கிடைத்தால் அதில் சேர்வேன், இல்லையென்றால் பி.எஸ்சி. இயற்பியல். மாமாவிடம் இதைச் சொன்னபோது, துண்டிகலில் எல்லோருக்கும் முதல் பாடம் ஒரே விமானத்தில்தான் என்ற செய்தியை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.