நியூயார்க் – சிங்கப்பூர்: கழித்துப் பார்த்தால் 30 மணி நேரம் வருகிறதே?

கேள்வி:
அக்கா வீட்டுக்குப் போன அம்மா ஜூன் கடைசியில் திரும்புகிறார். நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு நேரடி விமானம். டிக்கெட்டில் புறப்பாடு வெள்ளி இரவு 10.30, வருகை ஞாயிறு காலை 5.10. கழித்தால் 30 மணி 40 நிமிடம்! ஏப்ரலில் போகும்போது இங்கே இரவு 11.35க்கு ஏறி மறுநாள் காலை 6.15க்கு இறங்கினார், அது 6 மணி 40 நிமிடம்தான். தூரம் 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறது. மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம். எதை நம்புவது? அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை வேளை சொல்லி அனுப்ப வேண்டும்.

மறுமொழி 1:
தம்பி, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வரும்போது 12ஐக் கழியுங்கள், போனதற்கு 12ஐக் கூட்டுங்கள். இரண்டுக்கும் 18 மணி 40 நிமிடம்தான் வரும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடு வரை வித்தியாசம் 13 மணி நேரம், அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

உங்கள் 17 மணி நேரமும் தப்பில்லை. ஆனால் டிக்கெட் நேரம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து வாயிலில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்னொன்று. போகும்போது செயலியில் பார்த்தேன், விமானம் ஜப்பான் பக்கம் போய்ப் பசிபிக்கைத் தாண்டியது. சுற்று வழிதானே?

மறுமொழி 2:
சுற்றுதான், ஆனால் காரணத்தோடு. உலக உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூர் கிழக்கு 104 பாகை, நியூயார்க் மேற்கு 74. கிட்டத்தட்ட நேர் எதிர். அட்சரேகை 1.4, 40.6. இரண்டையும் கூட்டி 180இல் கழித்தால் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்குங்கள், உங்கள் 15,349க்குப் பக்கத்தில் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது!

அது நூல் பிடித்த தூரம். விமானி பார்ப்பது காற்றை. மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. அதனால் போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போவார்கள், திரும்பும்போது பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அதுவும் கிழக்கேதான். அம்மா உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுவார்! கி.மீ. கூடினாலும் நேரம் குறையும்.

மறுமொழி 3:
இந்த வழியில் ஓடும் ஏ350-900யுஎல்ஆர் ரக விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது, கால் நீட்டக் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனாலும் இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மாத்திரை, இன்சுலின் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம். வேளையை மருத்துவரிடமே கேளுங்கள். '18 மணி 40 நிமிடப் பயணம், இறங்கும்போது கடிகாரம் 12 மணி நேரம் தள்ளி நிற்கும்' என்று இரண்டையும் சொன்னால்தான் அவர் சரியாக மாற்றித் தருவார்.

கேள்வி கேட்டவர்:
சரி, திங்களன்று மருத்துவரைப் பார்க்கிறேன். நான் டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல், வெள்ளி இரவு ஏறினால் சனிதானே என்று சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.