முதுகெலும்புக் கட்டியும் கம்ப்யூட்டர் போடும் வட்டமும்: எங்கள் அனுபவங்கள்

ரேடியாலஜிஸ்ட் ஒருவர்:
சிடி படங்களில் முதுகெலும்பைப் பார்த்து, சந்தேகமான இடத்துக்கு வட்டம் போடும் சாஃப்ட்வேர் எங்களிடம் ஓடுகிறது. கிட்னிக் கல் வலி என்று வந்த ஓர் அம்மாவுக்கு வயிற்று சிடி எடுத்தோம். அந்த மாதிரிப் படத்தில் எல்லோர் கண்ணும் கிட்னிக்குத்தான் போகும். சாஃப்ட்வேரோ 12ஆம் மார்பு முள்ளெலும்பின் இடது ஓரத்தில் வட்டம் போட்டிருந்தது. எலும்பு தெளிவாகத் தெரியும் 'போன் (bone) விண்டோ' அமைப்புக்குப் படத்தை மாற்றினால், அங்கே எலும்பு அரித்திருக்கிறது. விசாரித்தபோதுதான் பல வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனதைச் சொன்னார். அந்தப் புற்றுநோய்தான் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்பதை பயாப்சியும் உறுதி செய்தது.

முதுகெலும்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படி வேறு உறுப்பிலிருந்து பரவியவைதான். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் இவையே அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் தெரியவே தெரியும்.

அதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட மாட்டேன். முள்ளெலும்பின் பின்சுவரில் ரத்தக் குழாய்க்கென்று இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு. அதற்கும் வட்டம் விழும். டிஸ்க் எலும்புக்குள் பிதுங்கிய குழிக்கும் விழும், வயதானவர்களின் எலும்பு முளைக்கும் விழும். அதனால் முழுப் படத்தையும் நானே பார்த்து முடித்த பிறகுதான் வட்டங்களை ஆன் செய்வேன். முதலிலேயே ஆன் செய்தால் வட்டத்துக்கு வெளியே கண் நகராது.

எம்ஆர்ஐ டெக்னீஷியன்:
ஒரு பெரியவரின் மகன் எங்கள் ஸ்க்ரீனில் சாஃப்ட்வேர் போட்ட வட்டத்தைப் பார்த்துவிட்டார். "கேன்சரா அண்ணே?" என்று விடாமல் கேட்கிறார். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருந்தது. பரவிய கட்டி என்றால் டி1-இல் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். தெரிந்தும் என் வாயால் சொல்லக் கூடாதே! டாக்டர் வந்து, கொழுப்பு நிறைந்த ஹீமாஞ்சியோமா (ரத்தக் குழாய்களால் ஆன சாதாரணக் கட்டி), நிறையப் பேருக்கு இருப்பது, தொந்தரவு தராது என்று விளக்கிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார். அப்புறம் ஸ்க்ரீனைத் திருப்பி வைத்துவிட்டோம்.

ரேடியாலஜிஸ்ட்:
நல்ல காரியம். இன்னொன்று, சிலருக்கு இடுப்பில் 5க்குப் பதில் 6 முள்ளெலும்பு இருக்கும். அங்கே சாஃப்ட்வேர் எண்ணிக்கையில் தடுமாறலாம். எல்4 (இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு) என்று காட்டினால் கழுத்திலிருந்து ஒருமுறை எண்ணிவிடுங்கள். எந்த எலும்புக்கு என்று தெரிந்துகொள்ள, ரேடியேஷன் கொடுப்பவர் நம் ரிப்போர்ட்டில் இருக்கும் முள்ளெலும்பின் எண்ணையும்தான் பார்ப்பார்.